நான் ‘சரி’ என்று எழுதிய கதவு

தினேஷ்,

நீ கேட்ட நோட்டு இதோடு வருகிறது. நீ கேட்டாய் என்பதுகூடச் சரியில்லை, ஆளிடம் சொல்லி அனுப்பினாய். போன ஞாயிற்றுக்கிழமை தேவகி அக்கா பாகூரிலிருந்து தன் மூன்று சக்கர ஸ்கூட்டரில் வந்து, இறங்காமலே வாசலில் ஹாரன் அடித்தார். “பி.ஏ.ம்மா, உன் புள்ள அந்த டூரு நோட்ட வாங்கியாரச் சொன்னான். இந்த வாட்டி அவந்தான் எல்லாம் பாக்கறானாம், தரங்கம்பாடியாம்” என்றார். அவனே வந்து கேட்டால் என்ன என்று என் வாய் வரை வந்தது. வழக்கம்போல வாய்க்குள்ளேயே நின்றது. மாற்றுத்திறனாளிகள் சங்கத்து வாட்ஸ்அப்பில் நீ போட்டதையும் பார்த்தேன். “இந்த முறை வீட்டார் யாரும் வர வேண்டாம்.” அதற்குக் கீழே எல்லோரும் கட்டைவிரல் போட்டிருந்தார்கள். நானும் போட்டேன். பார்த்திருப்பாய்.

நீ வில்லியனூரில் தனி ரூம் எடுத்துக்கொண்டு போய் இரண்டு மாதம் ஆகிறது. வாசற்படி இல்லாத ரூம், கழிவறை தரையோடு தரையாக இருக்கிறது, செல்போன் கடை வேலைக்கும் பக்கம் என்று உங்கப்பாவிடம்தான் சொன்னாய். பண்டசோழநல்லூரில் நான் பஸ் ஏறினால் எவ்வளவு நேரம் பிடிக்கும் உன்னிடம் வர? நீ கூப்பிடவில்லை, நான் வரவில்லை. எதிர்த்த வீட்டில் கேட்கிறவர்களிடம் வேலை நிமித்தம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தை ஒட்டாமல் நோட்டுக்குள் வைத்து தேவகி அக்காவிடம் கொடுக்கப் போகிறேன். அவர் படிப்பார். ஜோசப் அண்ணனுக்கும் படித்துக் காட்டுவார். சங்கத்தில் உன்னைப் போல ஒரு பிள்ளையை வைத்திருக்கிற மற்ற அம்மாக்களும் படிக்கட்டும். நடந்தது எல்லோர் முன்னாலும் நடந்தது. அதைப் பற்றிச் சொல்வதை மட்டும் ஏன் ஒட்டி அனுப்ப வேண்டும்?

முதுகுத்தண்டில் கட்டியோடு பிறந்த உன்னை ஒன்பது வயது வரை இடுப்பில் வைத்துத்தான் பள்ளிக்கூடம் கொண்டுபோனேன். அப்போது எனக்கு முப்பதுகூட ஆகவில்லை. எங்கள் குடும்பத்தில் முதலில் காலேஜ் படி ஏறி பி.ஏ. படித்தவள் நான். பரீட்சை எழுதிய கையோடு கல்யாணம், மறு வருஷம் நீ. நடவுக்குப் போகிற பெண்கள் வரப்பிலிருந்தே, “படிச்ச பொண்ணு, பாரு, புள்ளய எப்டி தூக்கிக்கினு போவுது” என்பார்கள். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. இதை இப்போதுதான் ஒத்துக்கொள்கிறேன். பட்டம் வாங்கியதற்கு யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, உன்னைத் தூக்கியதற்குப் பார்த்தார்கள்.

எட்டாவதில் கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு வாங்கினாயே, நினைவிருக்கிறதா என்று கேட்க மாட்டேன். மேடைக்கு நாலு படி. உன் பெயரைக் கூப்பிட்டதும் ஹெட்மாஸ்டர் மைக்கிலேயே, “தூக்கிட்டு வாங்கப்பா” என்றார். விளையாட்டு வாத்தியார் உன்னை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஏறினார். பரிசுக்குத் தட்டியதைவிட வாத்தியாருக்குத் தட்டியதுதான் அதிகம். நானும் தட்டினேன், கை வலிக்கத் தட்டினேன். வீட்டுக்கு வரும்போது உங்கப்பாவின் டி.வி.எஸ்.ஸில் முன்னால் உட்கார்ந்துகொண்டு, “நான் இன்னா சாமியா, தூக்கிக்கினு போயி எல்லாருக்கும் காட்றதுக்கு?” என்று கேட்டாய். உங்கப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். பிள்ளைக்கு வாய் வளர்ந்துவிட்டது என்று ஊரெல்லாம் அதை ஒரு வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நீ கேட்டது கேள்வி என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

இந்த டூரே எப்படி ஆரம்பித்தது? ஜோசப் அண்ணனால். சங்கக் கூட்டத்தில் மினிட் புத்தகம் எழுதுவதற்காகத்தான் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். மூலையில் உட்கார்ந்து எழுதுவேன், பேச மாட்டேன். அன்றைக்கு உதவித்தொகை விண்ணப்பங்களைப் பற்றிப் பேசி முடித்ததும் அவர், “எனக்கு மல பாக்கணும்” என்றார். தேவகி அக்கா விடவில்லை. “கண்ணில்லாம நீ எப்டிய்யா பாப்ப?” “ஏன், குளுரு தெரியாதா எனக்கு? மலைக்குப் போயிட்டு வந்தவன்லாம் குளுருச்சி குளுருச்சினுதான சொல்றான்? எவன் மல எப்டி இருந்திச்சினு சொன்னான்?” எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. கூட்டத்தில் இருந்த அந்த ஏழு பேரில் கோயில், ஆஸ்பத்திரி, யாராவது நன்கொடை கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொள்கிற இடம், இவை மூன்றையும் தவிர வேறெங்கும் போனவர் ஒருவரும் இல்லை. நீதான், “ஏற்காடு போலாம். ஆனா ஒருத்தரையும் தூக்கக் கூடாது. அவங்கவங்களே போவணும், அவங்கவங்களே வரணும்” என்றாய். மினிட் புத்தகத்தில் எழுதியதை அப்படியே இந்த நோட்டிலும் எழுதினேன். முதல் பக்கத்தில் இருக்கிறது, பார். என் கையெழுத்து அதில் அழகாக இருக்கிறது.

அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஏழெட்டு மாதம் அலைந்தேன். லாட்ஜுகளுக்குப் போன் போடுவதற்கு முன் கேட்க வேண்டியதை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, அதைப் பார்த்து வாசிப்பேன். வாசலில் படி உண்டா சார், ரூம் கீழ்த்தளத்தில் கிடைக்குமா சார். பதில் எல்லா இடத்திலும் ஒன்றுதான். “படி இருக்குங்க மேடம், அதுக்கென்ன, தூக்கிடலாம். நம்ம பசங்க இருக்காங்க.” ஒருவர்கூட முடியாது என்று சொல்லவில்லை, ஒருவர்கூடக் கோபப்படவில்லை. அவ்வளவு அன்பாகச் சொன்னார்கள். அந்த அன்பின் மேல் எனக்கு அப்போதே ஒரு கசப்பு வந்தது. ஒரு பலகை போடுவதைவிட நாலு ஆளை நிறுத்துவது இவர்களுக்குச் சுலபமாக இருக்கிறது. பலகையை யாரும் பாராட்டப் போவதில்லை, தூக்குகிறவனைப் பாராட்டுவார்கள். வரப்பில் கேட்ட பாராட்டை நானும் வாங்கியிருக்கிறேன், எனக்குத் தெரியும். தூக்கிடலாம் என்று சொன்ன இடத்துக்கெல்லாம் நோட்டில் பெருக்கல் குறி போட்டிருக்கிறேன். நீயும் அப்படியே செய். அந்தச் சொல் வந்ததும் போனை வைத்துவிடு.

கடைசியில் ஒரு லாட்ஜில் மட்டும், வாசலில் சாய்தளம் இருக்கிறது என்றார்கள். நேரில் பார்த்துவிட்டு வர முருகையனின் வேனில் கிளம்பினேன். அதற்கு நான் செய்த ஏற்பாடு உனக்குத் தெரியும். உன் பழைய சக்கர நாற்காலியில் இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பம் இரண்டை அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டினேன். உன் எடைக்குச் சரியாக இருந்தது. பட்டம் படித்த மூளை எப்படி வேலை செய்கிறது என்று எனக்கே பெருமை. நீ உள்ளிருந்து வந்து அதைச் சுற்றிப் பார்த்தாய். “ஏம்மா, இதுக்கும் தினேஷ்னே பேரு வெச்சிட்டியா?” என்றாய். அப்புறம் சிரிப்பில்லாமல், “என்னயே கூட்டிக்கினு போயேன்” என்றாய். “நீ எதுக்குப்பா அலையற? எல்லாம் பாத்து வெச்சிட்டு உன்ன கூட்டிக்கினு போறேன்” என்றேன். முருகையன்கூட, “அண்ணி, தம்பி வந்தா நல்லதுதான?” என்றான். நான் கேட்கவில்லை. நீ வந்திருந்தால் எல்லாக் கதவுக்குள்ளும் போயிருப்பாய். இந்தக் கடிதத்துக்கு வேலையே இருந்திருக்காது.

சிப்பம் சாய்தளத்தில் ஏறியது. ரூமுக்குள் போனது. மேனேஜரும் ரூம் துடைக்கிற ஆளும் என் கூடவே வந்தார்கள். தேவகி அக்காவின் தையல் டேப்பால் அளந்துகொண்டே போனேன். ரூம் கதவு, கட்டிலின் உயரம், சுவிட்சின் உயரம், எல்லாம் நோட்டில் இருக்கிறது. சாத்தியிருந்த கழிவறைக் கதவையும் அளந்தேன். நாற்காலி போக இரண்டு பக்கமும் இடம் இருந்தது. அப்போது மேனேஜர், “உள்ள போய்ப் பாத்துக்குங்க மேடம்” என்றார். கழிவறைக்குள் போகச் சொல்லி இரண்டு ஆண்கள் இரண்டு பக்கமும் நிற்கிறார்கள். துடைக்கிற ஆள் எதற்கோ சிரித்தான். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கக்கூஸ் என்ற சொல்லை அன்னிய ஆம்பளை முன்னால் நான் சொன்னதே கிடையாது. போனில்கூட அதை மட்டும் கேட்காமல்தான் தாண்டி வந்திருந்தேன். முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, “பரவால்ல சார்” என்றேன். வேனில் வந்து உட்கார்ந்து நோட்டைப் பிரித்து, ‘கழிவறை: சரி’ என்று எழுதினேன்.

அதுதான் நான் செய்தது. ஒரு நிமிட வெட்கம்.

கழிவறைக்குப் போக உன் உடம்புக்கு என்று நேரம் உண்டு. அந்த நேரத்தில் உனக்கு ஒரு சாத்திய கதவும் அரை மணித் தனிமையும் வேண்டும். பன்னிரண்டு வயதில் ஆஸ்பத்திரியில் அந்த வேலையை நீயே செய்யக் கற்றுக்கொண்டு வந்த நாளிலிருந்து அந்தக் கதவுக்குள் என்னைக்கூட விட்டதில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் யார் கையாவது வேண்டியிருந்த வீட்டில், அது ஒன்றுதான் உன்னுடையது. இது தெரிந்த ஒரே ஆள் நான். நான்தான் உள்ளே போய்ப் பார்க்காமல் சரி என்று எழுதினேன்.

தை மாதம் போனோம். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, அதை நினைத்தால்தான் இன்னும் கசக்கிறது. வேனில் பலகை போட்டு ஏறினீர்கள். ஒவ்வொரு வளைவிலும் ஜோசப் அண்ணன் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, “இன்னும் குளுரலயே, முருகையா, சரியான மலைக்குத்தான் போறியா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். பத்தாவது வளைவோ என்னமோ, திடீரென்று பேச்சை நிறுத்திக் கையை உள்ளே இழுத்து மார்போடு வைத்துக்கொண்டார். நீ அதைப் பார்த்துச் சிரித்தாய். வழியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நிறுத்தியபோது நீ மட்டும் பின்பக்கம் போய் ஒரு கதவைத் திறந்து பார்த்துவிட்டு வந்தாய். உனக்குப் பழக்கம் அது. எங்கே போனாலும் முதலில் அந்தக் கதவு எங்கே என்று பார்ப்பாய். தரையோடு இருக்கிறது என்று எனக்குச் சொன்னாய். நான் காதில் வாங்கினேன், நோட்டில் எழுதவில்லை.

லாட்ஜில் உன் நேரம் வந்தது. கதவு திறந்தது, நாற்காலி போனது. உள்ளே முழங்கால் உயரத்துக்கு ஒரு மேடை, அதன் மேல்தான் பீங்கான். இரண்டு படி வைத்துக் கட்டியிருந்தார்கள். நீ பின்னாலேயே உருட்டிக்கொண்டு வெளியே வந்தாய். கத்தவில்லை. “அம்மா, வழியில பாத்தேனே அந்தக் கட, அங்க போயிட்டு வந்துடலாம். முருகையண்ணன் வண்டிய எடுத்தா போவ வர அர மணி நேரம். நான் தாங்குவேன்” என்றாய். எவ்வளவு சரியாகச் சொன்னாய்! அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார், பின்னாலேயே நாலு ஆட்கள். “எதுக்குங்க அவ்வளோ தூரம்? ரெண்டு நிமிசம், தூக்கிடலாம்.” நீ அவரைப் பார்த்து, “வேணாம் சார்” என்றாய். அவர் உன் தலைக்கு மேலே என்னைப் பார்த்தார். “என்னங்க மேடம், தூக்கிடலாமா?”

நான் தலையை ஆட்டினேன்.

அவர்கள் கை உன் அக்குளுக்குள் போனபோது, “வேணாம்” என்று இன்னொரு தரம் சொன்னாய். தூக்கியதில் உன் பேன்ட் இறங்கிவிட்டது. வராந்தாவில் நம் ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள். தேவகி அக்காதான், “எல்லாரும் அந்தாண்ட திரும்புங்க” என்று அதட்டினார். “நானுமா?” என்றார் ஜோசப் அண்ணன். “நீயுந்தான்யா.” அவர் சுவரைக் கையால் தடவி, அதன் பக்கம் திரும்பி நின்றார். கண் தெரியாத மனுஷன் திரும்பினார், தினேஷ். நான் திரும்பவில்லை. பத்திரமாகத் தூக்குகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மேடை மேல் நீ சாயாமல் இருக்க இரண்டு பேர் உள்ளேயே நின்றார்கள். கதவைச் சாத்தக்கூட முடியவில்லை. வெளியே வந்ததும் மேனேஜர், “பாத்தீங்களா மேடம், எவ்வளோ ஈஸி” என்றார். நான், “ரொம்ப தேங்க்ஸ் சார்” என்றேன்.

அதற்குப் பிறகு இரண்டு நாளும் நீ தண்ணீர் குடிக்கவில்லை. தட்டில் வைத்ததைப் பக்கத்து ஆளிடம் தள்ளினாய். நேரம் வந்தபோதெல்லாம் என்னிடம் சொல்லாமல் முருகையனை மட்டும் கூட்டிக்கொண்டு அந்தச் சாப்பாட்டுக் கடைக்குப் போய்விட்டு வந்தாய். உள்ளே உனக்கு ஆகிற அரை மணியைக் கழித்தால், போக வர அரை மணி நேரம்தான் ஆனது. ஒவ்வொரு முறையும் நான் கடிகாரத்தைப் பார்த்தேன். குரூப் போட்டோவில் எல்லோரும் மேகத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நீ உன் நாற்காலியின் பிரேக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். ஊருக்கு வந்ததும், அதே போட்டோவைப் பார்த்துவிட்டு எதிர்த்த வீட்டில், “உனக்குப் புண்ணியம்மா, இவங்களையெல்லாம் கூட்டிக்கினு போயி காட்டின” என்றார்கள்.

திரும்பி வரும்போது வேனில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். விழுப்புரம் தாண்டி நீ கேட்டாய். “நான் வேணாம்னு சொன்னது உனக்குக் கேக்கலயா?” நான், “அந்தச் சத்தத்துல காதுல உழல தம்பி” என்றேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். மாசி மாதம் ரூம் பார்த்துக்கொண்டு போய்விட்டாய். உங்கப்பா திருவாண்டார்கோயில் கம்பெனியில் ஷிஃப்ட் முடிந்து வந்து, “அவன் இன்னாத்துக்குக் கோச்சிக்கினு போனான்?” என்று இன்றைக்கும் கேட்கிறார். நாலு பேர் தூக்கியதற்கா இவ்வளவு கோபம் என்று அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. ஆனால் அவர் கேட்டபோதெல்லாம், தெரியலங்க என்று சொன்னேன். இது எத்தனையாவது பொய் என்று நீயே எண்ணிக்கொள்.

நீ என்னை என்னவென்று நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். ஆம்பளைகள் முன்னால் வாய் திறக்கத் தெரியாத பயந்த அம்மா, பதற்றத்தில் தலையாட்டிவிட்டாள், அவ்வளவுதான். தேவகி அக்காவிடம், “அம்மா பாவம், அவங்களுக்குப் பேச வராது” என்று சொன்னாயாம். அப்படி நினைத்தால் என்றைக்காவது மன்னித்துவிடவும் செய்வாய். அந்த மன்னிப்பை இப்படி ஏமாற்றி வாங்கிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

பதற்றம் இல்லை, தினேஷ். அந்த நேரத்தில் என் புத்தி மிகத் தெளிவாக இருந்தது. வேனை எடுத்துக்கொண்டு கீழே போனால், ஏன் போகிறீர்கள் என்று மற்றவர்கள் கேட்பார்கள். பி.ஏ.ம்மா நேரில் வந்து அளந்துவிட்டுத்தானே போனார், நோட்டில் சரி என்றுதானே போட்டிருந்தார் என்பார்கள். நான் உள்ளேயே போகவில்லை என்பது தெரிந்துபோகும். உன்னைத் தூக்கிவிட்டால் இரண்டு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். என் ‘சரி’ சரியாகவே இருந்துவிடும். இருபத்தைந்து வருஷம் உன்னைத் தூக்கியதில் எனக்குக் கிடைத்த பெயரைக் காப்பாற்ற, இன்னும் ஒரு தரம் உன்னைத் தூக்கச் சொன்னேன்.

தரங்கம்பாடிக்கு நீங்களே போங்கள். வேனில் எனக்கு இடம் கேட்கவில்லை. இந்த நோட்டில் உனக்கு உதவுகிற பக்கங்கள் இருக்கின்றன, அளவெல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஆனால் எதையும் என் கையெழுத்தை நம்பி எடுத்துக்கொள்ளாதே. நீயே போ. தேவகி அக்காவும் போகட்டும், ஜோசப் அண்ணனும் சுவரைத் தடவிப் பார்க்கட்டும். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, உட்கார்ந்து, எழுந்து, திரும்பி வந்த பிறகு எழுதுங்கள். சிப்பத்துக்கு முழங்கால் கிடையாது. அதற்கு வெட்கமும் கிடையாது. அதை வைத்து அளந்தவள் சொல்கிறேன். யாராவது உங்களிடம் கேட்காமல் உங்கள் தலைக்கு மேலே பார்த்து இன்னொருவரைக் கேட்டால், அந்த இன்னொருவர் அங்கே இல்லாமல் இருப்பதுதான் நல்லது. வீட்டார் வர வேண்டாம் என்று நீ போட்டதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

விழுப்புரத்தில் நீ கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். கேட்டது. நீ வேணாம் என்று சொன்னது இரண்டு தரமும் எனக்கு நன்றாகக் கேட்டது.

ஏற்காட்டுப் பக்கத்தை மடித்து வைத்திருக்கிறேன். ‘கழிவறை: சரி’ என்பதை நான் அடிக்கவில்லை, அது அப்படியே இருக்கட்டும். அதற்குக் கீழே, ‘உள்ளே போய்ப் பார்க்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அம்மா